வேண்டியது மூன்று

புல்லுக்காரர் பல் பிடுங்கப் போன நாளில்தான் மைதானத்தில் அந்தப் பூ பூத்தது.

மஞ்சள் பூ. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். வடக்குப் பக்கத்துக் கோல் கம்பத்துக்கு எதிரே, பெனால்டி அடிக்கப் பந்து வைக்கும் வெள்ளைப் புள்ளியை ஒட்டினாற்போல் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. வேறு நாளாக இருந்தால் காலை ஏழு மணிக்கே அதன் கதை முடிந்திருக்கும். அந்தக் கால்பந்துக் கழகத்தின் மைதானத்தைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவர் அவர். தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு மூலைக்கு மூலை நடந்து, வெறுங்காலால் தடவிப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார். அன்றைக்கென்று கடைவாய்ப் பல் அவரைப் படுத்தி எடுத்துவிட்டது. பல் மருத்துவரின் நாற்காலியில் அவர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த நேரத்தில், பத்திரிகைக்காரர் ஒருவர் அணித் தலைவரைப் படம் பிடிக்க வந்தார். மறுநாள் வெளியான படத்தில் பூ பளிச்சென்று இருந்தது. அணித் தலைவர் பின்னால் மங்கலாக இருந்தார்.

காலையிலேயே கழகச் செயலாளர் புல்லுக்காரரைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார். செயலாளர் வேறு யாருமில்லை, புல்லுக்காரருடைய மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதனால் அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது புல்லுக்காரருக்குப் பழகிப்போயிருந்தது.

"மாப்பிள்ளை, பேப்பர் பார்த்தீங்களா?"

புல்லுக்காரரின் வாய் நிறையப் பஞ்சு. "ம்" என்றார்.

"களை, மாப்பிள்ளை! நம்ம கிரவுண்டுல களை! ஊரே பார்த்திருக்கும்."

"ம்ம்."

"நேத்து ஒரு மருந்துக்காரர் என் ஆபீசுக்கு வந்தாரு. களைக்கொல்லி வச்சிருக்காராம். புல்லைத் தொடவே தொடாதாம், களையை மட்டும் தேடிப் பிடிச்சுக் கொல்லுமாம். வரச் சொல்லிடட்டுமா?"

ஒரே ஒரு பூ மச்சான், நானே கிள்ளிப் போட்டுடறேன் என்று சொல்லத்தான் நினைத்தார். பஞ்சைத் தாண்டி வந்தது என்னவோ "ம்ம்ஹ்ம்" மட்டுந்தான்.

"எனக்குத் தெரியும், நீங்க சரின்னுதான் சொல்வீங்க" என்று வைத்துவிட்டார் செயலாளர்.

அந்த மைதானத்தின் பெருமையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ மைதானங்கள் கோடையில் காய்ந்து சொறிபிடித்துப் போகும். இது மட்டும் பச்சைக் கம்பளம் மாதிரி கிடக்கும். உரம் போட்டதில்லை. தண்ணீர்கூட மற்றவர்கள் விடுவதில் பாதிதான். எதிரணி ஆட்டக்காரர்கள் வந்து இறங்கியதும் குனிந்து தொட்டுப் பார்ப்பார்கள். "எப்படிங்க இப்படி வளர்க்கறீங்க?" என்று கேட்பார்கள். "எல்லாம் கைராசி" என்று செயலாளர் தன் கையைக் காட்டுவார். ஒரே ஒரு குறைதான் உண்டு. மற்ற மைதானங்களில் புல் வெட்டும் மெஷின் ஓட்டினால் வெளிர்பச்சையும் அடர்பச்சையுமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். இங்கே எந்தப் பக்கம் ஓட்டினாலும் பட்டை விழாது. அது மண்வாகு என்று புல்லுக்காரர் தானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

மருந்துக்காரர் இரண்டு நாள் கழித்து ஒரு பச்சைக் கேனோடு வந்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனாலேயே வியாபாரம் மந்தம் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. கேனில் ஒட்டியிருந்த தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்துக் காட்டினார்.

"இது எப்படி வேலை செய்யும்?" என்று கேட்டார் புல்லுக்காரர். பல் போன இடத்தில் காற்றுப் புகுந்து பேச்சு கொஞ்சம் சீறியது.

"அகலமான இலை இருக்கிற செடியைப் பார்த்து 'வளரு, வளரு'ன்னு சொல்லும் சார். அதுவும் நம்பி வளரும். தாங்க முடியாத அளவுக்கு வளர்ந்து, முறுக்கிக்கிட்டு, அப்படியே செத்துப்போயிடும். புல்லுக்கு இந்தப் பேச்சு காதுலயே விழாது."

"ஆசை காட்டிக் கொல்லுதுன்னு சொல்லுங்க."

"தாள்ல அப்படிப் போடல சார். ஆனா விஷயம் அதுதான்."

எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர் புல்லுக்காரர். காற்று அடங்கும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தார். கையுறை, முகமூடி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டார். தாளில் சொன்ன அளவுக்கு ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் கலந்து, முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு, கயிறு கட்டி வரிசை வரிசையாகத் தெளித்தார். ஒரு பூவுக்காக முழு மைதானமா என்று மனதுக்குள் ஒரு குரல் கேட்டது. ஒரு பூ இருந்தால் பத்து வேர் இருக்கும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். தெளித்து முடித்ததும் நான்கு மூலையிலும் சிவப்புக் கொடி நட்டு, 'மருந்து அடித்திருக்கிறது, உள்ளே வராதீர்கள்' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார். அதை யாரும் மதிக்கவில்லை. நாய்கள் குறுக்கே நடந்தன. செயலாளரும் குறுக்கேதான் நடந்தார்.

இரண்டாம் நாள் மஞ்சள் பூ கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்தது. புல்லுக்காரர் திருப்தியோடு அதைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் பூவுக்குப் பக்கத்தில் இருந்ததும் முறுக்கியது.

நான்காம் நாள் காலையில் வெறுங்காலோடு மைதானத்தில் இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். காலடியில் எல்லாமே சுருண்டு கிடந்தன. கம்பளத்தை யாரோ உள்ளிருந்து பிடித்துத் திருகுவது போல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முறுக்கல். ஏழாம் நாள் மஞ்சள். பத்தாம் நாள் பழுப்பு. பன்னிரண்டாம் நாள் ஒரு காற்று அடித்தது, அவ்வளவுதான். பதினெட்டு வருடத்துப் பச்சை பொடிப்பொடியாகப் பறந்து பக்கத்துத் தெருவில் காயப்போட்டிருந்த துணிகளில் போய் ஒட்டிக்கொண்டது. மிச்சம் வெறும் மண். அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடுகள் மட்டும் விளக்கிச் சொல்ல ஆளில்லாத வரைபடம் போலக் கிடந்தன.

இல்லை, முழுக்க வெறும் மண் என்று சொல்ல முடியாது. தெற்கு மூலைக்கொடிக்குப் பக்கத்தில் மூன்று கொத்துகள் நின்றன. ஒல்லியாக, சொரசொரவென்று, வாராமல் கலைந்த தலைமுடி மாதிரி. புல்லுக்காரர் அதைப் பார்த்து, 'இந்தக் களை மட்டும் எப்படித் தப்பிச்சது?' என்று எரிச்சல்பட்டார்.

ஆள் அனுப்பிய அரை மணியில் மருந்துக்காரர் ஓடி வந்துவிட்டார். செயலாளர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"என்னய்யா மருந்து குடுத்தே? புல்லைத் தொடாதுன்னு சொன்னியே! அடிமடியிலேயே கை வச்சிட்டியே!"

மருந்துக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்தார். காய்ந்த தண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். எழுந்து போய் இன்னொரு இடத்தில் உட்கார்ந்தார். அப்படியே இருபது இடத்தில் உட்கார்ந்து எழுந்து, கடைசியில் தெற்கு மூலைக்குப் போனார். அங்கே நின்றிருந்த மூன்று கொத்துகளைக் கண்டதும், தொலைந்துபோன சொந்தக்காரரைப் பார்த்தவர் போல அவர் முகம் மலர்ந்தது.

"சார், மருந்து மேல தப்பில்ல. புல்லைத் தொடல. இதோ, புல்லு நல்லா இருக்கு."

"எங்கே?"

"இதுதான் சார் புல்லு. மூணு. மத்ததெல்லாம் களை."

"மத்ததுன்னா?"

மருந்துக்காரர் கையை மெதுவாக விரித்து மைதானம் முழுவதையும் காட்டினார். "மத்ததுன்னா… மத்தது எல்லாம் சார்."

பிறகு தனக்குத் தெரிந்ததை ஒப்பித்தார். வல்லாரை மாதிரி ஒன்று, மூவிலைச் செடி ஒன்று, தரையோடு படர்கிற புளிப்பிலை ஒன்று, பெயர் தெரியாதது நாலைந்து. எல்லாம் சேர்ந்து வளர்ந்து, வாராவாரம் ஒட்ட வெட்டப்பட்டு, பார்ப்பதற்குப் புல்போல ஆகியிருக்கிறது. "களையை இவ்வளவு அழகா யாரும் வளர்த்து நான் பார்த்ததில்ல சார். உண்மையாவே சொல்றேன்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். புல்லுக்காரருக்கு அது இன்னொரு பல்லைப் பிடுங்கியது போல இருந்தது.

வீட்டுக்குப் போனவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மனைவி தையல் மெஷினில் ஒரு பள்ளிச் சீருடைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை கேட்ட பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"பதினெட்டு வருஷம். மூணே மூணு புல்லு. மத்தது பூரா களை."

மெஷின் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"என்ன, உனக்கு அதிர்ச்சியாவே இல்லையா?"

"எனக்கு முன்னாடியே தெரியும்ங்க."

"என்ன தெரியும்?"

"பதினெட்டு வருஷமா நீங்க சாப்பிடற கீரை எங்கேருந்து வருதுன்னு நெனச்சீங்க? மெஷின் ஓட்டறதுக்கு முந்தின நாள் போய் ஒரு கூடை பறிச்சுட்டு வந்துடுவேன். புல்லைப் பறிச்சா சமைப்பாங்க?"

புல்லுக்காரர் ஆடிப்போய் எழுந்து நின்றார். "ஐயோ, மருந்து அடிச்ச பிறகும் பறிச்சியா?"

"நீங்கதான் அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தீங்களே, உள்ளே வராதீங்கன்னு. எனக்கும் சேர்த்துத்தானே எழுதினீங்க?"

ஊரிலேயே அந்த அட்டையை மதித்த ஒரே ஆள் அவள்தான். அவர் மறுபடி உட்கார்ந்தார். "ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீங்க புல்லுன்னு சொன்னீங்க. எங்கண்ணன் புல்லுன்னு சொன்னாரு. வெளியூர்லேருந்து வந்தவங்க எல்லாம் தொட்டுப் பார்த்துட்டுப் புல்லுன்னு சொன்னாங்க. அவ்வளவு பேர் சந்தோஷத்தை நான் ஒருத்தி எதுக்குக் கெடுக்கணும்?" பிறகு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "புல்லானாலும் புருஷன்னுதான் சொல்லி வச்சிருக்காங்க. களையானா என்ன பண்றதுன்னு யாரும் சொல்லல. நானா பார்த்துக்கிட்டேன்" என்றாள்.

சிரிக்கக் கூடாது என்று உதட்டை இறுக்கிப் பார்த்தார். முடியவில்லை. பல் போன பொந்து வழியாகச் சிரிப்பு விசில் மாதிரி வந்தது.

ஆனால் சிரிப்பு மறுநாள் வரை தாங்கவில்லை. கால்பந்துச் சம்மேளனத்திலிருந்து மைதானத்தைச் சோதிக்க அதிகாரி வரப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. இன்னும் ஒன்பது நாள். அதற்கு அடுத்த வாரம் பெரிய ஆட்டம். கழகத்தின் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. புல் விதைக்கலாம் என்றார் ஒருவர். ஒன்பது நாளில் புல் எங்கே முளைக்கும் என்றார் இன்னொருவர். பச்சைப் பெயின்ட் அடிக்கலாம் என்றார் பொருளாளர், விளையாட்டாகச் சொல்லவில்லை. கடைசியில் செயலாளர் மேசையைத் தட்டினார்.

"எது இருந்துச்சோ அதையே திரும்பக் கொண்டு வாங்க. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூதான் சர்க்கரை. இத்தனை வருஷம் களையை வச்சுத்தானே பேர் வாங்கினோம்? மாப்பிள்ளை, களை நடுங்க."

"களையையா மச்சான்?"

"ஆமா. ஆனா வெளியில யார் கேட்டாலும் புல்லுன்னு சொல்லுங்க."

புல்லுக்காரருக்கு இதுவரை வாழ்நாளில் களையைப் பிடுங்கித்தான் பழக்கமே தவிர, நட்டுப் பழக்கமில்லை. இருந்தாலும் சொன்னதைச் செய்தார். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் காலி மனை ஒன்று கிடந்தது. அங்கே போய், மனைவி கூடையைப் பிடித்துக்கொள்ள, மண்வெட்டியால் களையை வேரோடு பாளம் பாளமாகப் பெயர்த்தார். "மெதுவா, வேர் அறுந்துடப் போவுது" என்றாள் அவள். வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பணிமனைக் காவலாளி வந்து, "இடத்தைச் சுத்தம் பண்றீங்களா? ரொம்ப நன்றிங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மைதானத்தில் நட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஊரெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்றாலும் சுவர் இடுக்கிலும் சாக்கடை ஓரத்திலும் முளைக்கிற அந்தச் சனியன்கள், வேண்டும் என்று கெஞ்சும்போது முளைக்க மறுத்தன. மருந்தின் வேகம் மண்ணில் இன்னும் இருந்தது. மூன்றாம் நாள் கழுத்தை முறுக்கிக்கொண்டன. மறுபடி நட்டார். மறுபடி முறுக்கி, காய்ந்து, காற்றோடு போயின. களை நட்டுக்கூட வளர்க்கத் தெரியாதவன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

சோதனை அதிகாரி சொன்ன நாளில், சொன்ன நிமிடத்தில் வந்தார். கையில் ஒரு சதுரக் கம்பி வளையம், கக்கத்தில் படிவக் கட்டு. அவருடைய முறை எளிமையானது. கண்ணை மூடிக்கொண்டு கம்பிச் சதுரத்தை வீசுவார். அது விழுந்த இடத்தில், சதுரத்துக்குள் எத்தனை களை இருக்கிறது என்று எண்ணுவார். இப்படி முப்பது இடம்.

செயலாளரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. புல்லுக்காரர் தலைகுனிந்து பின்னாலேயே நடந்தார்.

முதல் வீச்சு. அதிகாரி குனிந்தார். "களை, பூஜ்யம்" என்று எழுதினார்.

இரண்டாவது. "பூஜ்யம்."

பத்தாவது வீச்சில் அவர் புருவம் உயர்ந்தது. இருபதாவதில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சார், இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் இப்படி ஒரு கிரவுண்டைப் பார்த்ததே இல்ல. ஒரு களைகூட இல்லையே!"

"ஆனா புல்லும்…" என்று தொடங்கினார் புல்லுக்காரர். செயலாளர் அவர் காலை மிதித்தார்.

"புல்லா? புல்லுக்கு இதுல கட்டம் இல்லையே" என்று படிவத்தைக் காட்டினார் அதிகாரி. உண்மைதான். களைக்கு ஒரு கட்டம், பள்ளத்துக்கு ஒரு கட்டம், கல்லுக்கு ஒரு கட்டம். புல் இருக்கும் என்ற நம்பிக்கையில், படிவம் எழுதியவர்கள் அதைக் கேட்காமலே விட்டிருந்தார்கள். செயலாளரின் முகத்தில் வியர்வை நின்று ஒரு ஒளி பரவியது.

இருபத்தொன்பது பூஜ்யம் ஆனது. முப்பதாவது வீச்சில் கம்பிச் சதுரம் தெற்கு மூலைக்குப் போய், சொல்லி வைத்தாற்போல் அந்த மூன்று கொத்துகளின் மேல் விழுந்தது.

அதிகாரி உட்கார்ந்து உற்றுப் பார்த்தார். "இது என்ன?"

"புல்லுங்க" என்றார் புல்லுக்காரர்.

"புல்லுக்குக் கட்டம் இல்லைன்னு சொன்னேனே. களையா, களை இல்லையான்னு மட்டும் சொல்லுங்க." சட்டைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "இதோ. களை என்பது, வேண்டாத இடத்தில் வளரும் எந்தத் தாவரமும். அப்ப கேள்வி ஒண்ணுதான். இது உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

செயலாளர் துளிகூட யோசிக்கவில்லை. முப்பதுக்கு முப்பது பூஜ்யம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "வேண்டாம் சார். இது களைதான். இப்பவே பிடுங்கிடறோம், நீங்க பூஜ்யம்னு போட்டுக்குங்க. மாப்பிள்ளை, பிடுங்குங்க."

புல்லுக்காரர் குனிந்தார். ஒரு கொத்தைக் கையால் பற்றினார். சொரசொரப்பாக இருந்தது. பிடிக்கவில்லை அவருக்கு, அந்த உண்மையான புல்லைப் பார்த்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அழகில்லை, மென்மையில்லை, வெறுங்காலில் குத்தும். இத்தனை வருடம் தன் மெஷினுக்கு அடியிலும் ஆட்டக்காரர்களின் காலுக்கு அடியிலும் களைக் கூட்டத்துக்கு நடுவிலும், ஒருவரும் திரும்பிப் பார்க்காமல், இது பாட்டுக்கு இருந்திருக்கிறது. புல்லுக்காரர் என்று ஊர் கூப்பிட்டதற்கு இந்த உலகத்தில் இருந்த சாட்சி இந்த மூன்றுதான்.

கையை எடுத்துவிட்டார்.

"வேணும்" என்றார்.

"மாப்பிள்ளை!"

"வேணும் மச்சான். இது எனக்கு வேணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் மச்சானிடம் சொன்ன முதல் மறுப்பு அது. அடுத்து என்ன செய்வது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அதிகாரிக்கு மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. "வேணும்னா அது களை இல்ல" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்: களை, பூஜ்யம். கொஞ்சம் யோசித்து, நேர்மையான மனிதர் ஆகையால், ஓரத்தில் ஒரு குறிப்பும் சேர்த்தார்: வேண்டிய தாவரங்கள், மூன்று. பாதுகாக்கப்பட வேண்டும்.

அதிகாரியின் ஓரக் குறிப்போடு சான்றிதழ் தபாலில் வந்தது. சம்மேளனத்தின் வரலாற்றிலேயே ஒரு களைகூட இல்லாத முதல் மைதானம், தர வரிசையில் முதல் இடம். செயலாளர் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். அதோடு புல்லுக்காரருக்கு ஒரு புது உத்தரவும் போட்டார்: இனி இந்த மைதானத்தில் ஒன்றும் முளைக்கக் கூடாது, அந்த மூன்றைத் தவிர. மாதா மாதம் வெறும் மண்ணுக்கு மருந்து அடிக்க வேண்டும்.

பெரிய ஆட்டம் நடந்தது. எதிரணி வந்து இறங்கியதும் வழக்கம்போலக் குனிந்து தொட்டுப் பார்த்தது. நிமிர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அவர்களுடைய மேலாளர் நடுவரிடம் ஓடினார். "சார், கிரவுண்டுல புல்லே இல்ல!" நடுவர் சான்றிதழைக் காட்டினார். மேலாளர் சான்றிதழையும் மைதானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்பதுபோலத் திரும்பிப் போனார்.

முதல் உதை விழுந்ததும் புழுதி எழும்பியது. பத்து நிமிடத்தில் இருபத்திரண்டு பேரும் ஒரே நிறம். யார் எந்த அணி என்று தெரியாமல் நம்ம ஆள் நம்ம ஆளிடமே பந்தைப் பிடுங்கினான். பார்க்க வந்த கூட்டம் சத்தத்தை வைத்து ஆட்டத்தைப் புரிந்துகொண்டது. தெற்கு மூலையில் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. 'பாதுகாக்கப்பட வேண்டும்' என்று சான்றிதழில் இருந்ததால் நடுவர் அங்கே நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டச் சொல்லியிருந்தார். பந்து அந்தப் பக்கம் வந்தால் எல்லோரும் நின்று, சுற்றிக்கொண்டு போய் எடுத்துவந்தார்கள். எதிரணியின் முன்கள வீரன் ஒருவன் பந்தோடு அங்கே வந்து, கயிற்றுக்குள் கால் வைக்காமல் இருக்க ஒற்றைக் காலில் தடுமாறி, "சாரிங்க, சாரிங்க" என்று புல்லிடமே சொன்னதைப் புல்லுக்காரர் தன் காதால் கேட்டார்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியினரும் தாங்கள் ஒரு கோல் அடித்ததாகச் சொன்னார்கள். கோல் காவலர்கள் இரண்டு பேரும் தங்களுக்கு எதுவும் தெரியவில்லை என்றார்கள். நடுவர் தும்மிக்கொண்டே, ஆளுக்கு ஒன்று என்று எழுதிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் மழை வந்தது. மழை என்றால் மூன்று வாரம் விடாத மழை. மருந்தெல்லாம் கழுவிக்கொண்டு போனது. மருந்துக்காரர் குடையோடு வந்து, இந்த மாதத்துக்கு அடிக்க வேண்டிய கேனை நீட்டினார். புல்லுக்காரர் அதை வாங்கிக் கொட்டகையில் ஒரு மூலையில் வைத்தார். திறக்கவில்லை. இருவரும் கொட்டகை வாசலில் நின்று மைதானத்தைப் பார்த்தார்கள். மூன்று கொத்துகள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவியிருந்தன. வேலியோரத்திலிருந்து மூவிலைச் செடிகள் உள்ளே தவழ்ந்து வரத் தொடங்கியிருந்தன.

"இப்ப எதை வளர்க்கப் போறீங்க சார்?"

"வர்றது வரட்டும்" என்றார் புல்லுக்காரர். "வேணும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போச்சு, களை இல்லாம போயிடுது. அப்புறம் என்ன."

செயலாளர் ஒரு மாதம் பேசவில்லை. மைதானம் பச்சை பிடிக்கப் பிடிக்கக் கோபம் இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது, "மாப்பிள்ளை, அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான்" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். குழாய் சத்தத்தில் கேட்காதது போலப் புல்லுக்காரர் இன்னொரு தடவை சொல்ல வைத்தார்.

இதற்கிடையில் சம்மேளனம் படிவத்தைத் திருத்தியிருந்தது. சோதனை அதிகாரியின் ஓரக் குறிப்பு மேலிடத்துக்குப் போய், அங்கே யாருக்கோ அது மிகவும் பிடித்துப்போய், இப்போது புதிதாக ஒரு கட்டம் சேர்ந்திருந்தது: 'வேண்டிய தாவரங்கள். குறைந்தபட்சம் மூன்று.' ஊர் ஊராக மைதானக்காரர்கள் கதிகலங்கிப் போனார்கள். தங்களிடம் இருப்பதில் எந்த மூன்றைக் காட்டுவது என்று புல்லுக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

ஒருவர் நேரிலேயே வந்தார். பக்கத்து நகரத்து மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர், நல்ல உடல்வாகு, நரைத்த மீசை. மூன்று பேருந்து மாறி வந்திருந்தார். மைதானத்து வாசலில் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே ஈரத் துணியில் சுற்றி ஒரு பிடி பச்சை.

"அண்ணே, ஒரு உதவி. எங்க கிரவுண்டுலேருந்து கொண்டாந்தேன். கோடையில கூட வாடாது. எல்லாரும் என்னைத்தான் பாராட்டுவாங்க." குரலைத் தாழ்த்தினார். "இது புல்லுதானே அண்ணே?"

புல்லுக்காரர் பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூன்று மூன்றாக வட்ட இலைகள். இடையில் ஒரு புளிப்பிலை. புல் என்று சொல்ல ஒரு நுனிகூட இல்லை. எதிரே நின்றவர் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார். கை காய்த்துப்போயிருந்தது, மெஷின் பிடித்துப் பிடித்து.

"பந்து நல்லா உருளுதா?"

"வெண்ணெய் மாதிரி உருளும் அண்ணே."

"விழுந்தா பசங்களுக்கு அடிபடுதா?"

"இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தனுக்கு முட்டி சிராய்ச்சதில்ல."

புல்லுக்காரர் பச்சையை மறுபடி ஈரத் துணியில் பக்குவமாகச் சுற்றி, பைக்குள் வைத்து, அவர் கையில் கொடுத்தார்.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. போய் அதை எடுத்த இடத்துலேயே நட்டுடுங்க. தண்ணி விடறதை நிறுத்தாதீங்க. யாராவது பச்சைக் கேனைத் தூக்கிட்டு வந்தா மட்டும், பல்வலின்னு சொல்லி வாயை மூடிக்காதீங்க. உடனே வேண்டாம்னு சொல்லிடுங்க."

வந்தவருக்குப் பல்வலி விஷயம் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டு, பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி பேருந்து நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தார்.